ஏலமலையின் மூத்த குடிகளும் நம் பிள்ளைகளின் பாடமும்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் ஆரம்ப வகுப்புகளிலேயே பூவெப்லோ மக்களைப் பற்றிப் படித்துவிடுகிறார்கள். அட்டையை வெட்டி, மண்ணிறம் பூசி, ஏணி சார்த்திய அடுக்கு வீடு ஒன்றைச் செய்து கொண்டுவரச் சொல்கிறார் ஆசிரியை. பாதி ராத்திரி வரை பசை தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவோ நாம்தான்! அதே பிள்ளையிடம், "உன் தாத்தா ஊருக்கு மேற்கே தெரிகிற மலையில் முதலில் வாழ்ந்தவர்கள் யார்? இப்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். நாம் விட்டத்தைப் பார்ப்போம்.

தேனி, கம்பம், போடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. நமக்கெல்லாம் அந்த மலை என்றால் ஏலக்காய், குமுளிச் சாலை, தேக்கடிப் படகு, சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோவில். அந்த மலையின் மூத்த குடிகளான மன்னான், பளியர், முதுவர், ஊராளி ஆகியோரைப் பற்றி வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஒரு பாடமாவது இருக்க வேண்டும் என்பதும், அந்தப் பாடம் எப்படி இருக்க வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

பூவெப்லோ: பாடம் திருந்திய கதை

முதலில் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். பூவெப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் ஊர் என்று பொருள். அது ஓர் இனத்தின் பெயரன்று. வந்தேறிய ஸ்பானியர் வைத்த பொதுப்பெயர். இன்று நியூ மெக்சிகோ மாநிலத்தில் மட்டும் 19 பூவெப்லோக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்சி உண்டு. மொழிகளும் ஒன்றல்ல, டேவா, டீவா, டோவா, கெரெஸ், சூனி என ஐந்து.

இவர்களைப் பற்றிய பள்ளிப் பாடம் நெடுங்காலம் ஒரே ஒரு காலத்தில்தான் எழுதப்பட்டது. அது இறந்தகாலம். மேசா வெர்டே பாறைக்குகை வீடுகளின் படத்தைப் போட்டு, "13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மக்கள் மர்மமாக மறைந்தனர்" என்று முடித்துவிடுவார்கள். பூவெப்லோ மக்கள் சொன்னது வேறு: "நாங்கள் எங்கும் மறையவில்லை. இடம் பெயர்ந்தோம், அவ்வளவுதான். எங்கள் முன்னோர் வீடுகள் அவை." 'அனசாசி' என்று நவஹோ மொழிச் சொல்லால் குறிக்கப்பட்டவர்களை இன்று 'பூவெப்லோ முன்னோர்' என்று எழுதுவது இந்த மறுப்பின் பயன்தான்.

வரலாற்றிலும் அவர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். 1680இல் போப்பே என்பவர் தலைமையில் பல ஊர்கள் ஒன்றுகூடி எழுந்து, ஸ்பானியரை 12 ஆண்டுகள் அந்த மண்ணுக்கு வெளியே நிறுத்தி வைத்தன. அந்தப் போப்பேவின் சிலை 2005ஆம் ஆண்டு முதல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கிறது. லகூனா பூவெப்லோவைச் சேர்ந்த டெப் ஹாலண்ட் 2021 முதல் 2025 வரை அமெரிக்க உள்துறை அமைச்சராக இருந்தார்.

பள்ளிக்கூடம் இவர்களுக்கு முதலில் வரமாக வரவில்லை. 1890இல் தொடங்கிய சாண்டா ஃபே இந்தியப் பள்ளி, அக்காலத்து மற்ற உறைவிடப் பள்ளிகளைப் போலவே, பிள்ளையைத் தாய்மொழியிலிருந்து பிரிப்பதற்காகக் கட்டப்பட்டது. 1981இல் அதன் நிர்வாகத்தைப் பூவெப்லோக்களே தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையின் நாக்கைக் கட்டிய அதே பள்ளி, பிறகு அந்தப் பிள்ளைகளின் பண்பாட்டைக் கற்பிக்கும் பள்ளியானது.

இன்னொரு செய்தியும் நமக்கு வேண்டியது. ரியோ கிராண்டே ஆற்றில் 1965 முதல் 1975 வரை கட்டப்பட்ட அணையால் கோச்சிட்டி பூவெப்லோவின் விளைநிலங்கள் கெட்டன. நிலம் போனால் விதைப்புப் பாட்டும் அறுவடைப் பேச்சும் சேர்ந்தே போகும். அந்த ஊரில் 2012இல் கெரெஸ் மொழியிலேயே குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். அணை, நிலம், மொழி, பள்ளி என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மலைக்குப் போகும்போது உதவும்.

சக்குபள்ளத்தைச் சுற்றி

சக்குபள்ளம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், குமுளிக்கும் கட்டப்பனைக்கும் இடைப்பட்ட ஏலமலைப் பகுதியில் இருக்கிறது. அரசியல் படத்தில் அது கேரளம். ஆனால் கிழக்கே மலை விளிம்பில் நின்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். தோட்டத்து வேலைக்காகக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாக ஏறினார்கள். இன்றைக்கும் விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். மேற்கேயிருந்து மலையாளிக் குடியானவர்கள் வந்தார்கள். 1950களில் பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சியில் அரசே குடியேற்றத் திட்டம் போட்டு நிலம் கொடுத்தது.

ஆக, தமிழரும் மலையாளியும் "இது யார் மலை?" என்று 1956 மாநிலப் பிரிப்பின்போது வாதிட்டார்கள், இன்றும் வாதிடுகிறார்கள். இரு தரப்புக்கும் முன்னாலேயே அங்கே இருந்தவர்களை அந்த வாதத்தில் யாரும் கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. பளியர்களின் நிலை இன்னும் சங்கடம். அவர்கள் குமுளிப் பக்கமும் இருக்கிறார்கள், தேனி, திண்டுக்கல், விருதுநகர் மலைகளிலும் இருக்கிறார்கள். ஒரே சனத்துக்கு நடுவே கோடு விழுந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளை தமிழும் அந்தப் பக்கத்துப் பிள்ளை மலையாளமும் பள்ளியில் படிக்க வேண்டியதாயிற்று.

பளியர்களை 1960களின் தொடக்கத்தில் தமிழகப் பகுதியில் தங்கி ஆராய்ந்தவர் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். அவர் வியந்து எழுதியது தேன் எடுக்கும் சாமர்த்தியத்தைப் பற்றி மட்டுமன்று. சண்டை வரும்போல் இருந்தால் ஒருவர் விலகிப் போய்விடுவது, ஒருவர் மேல் மற்றொருவர் அதிகாரம் செலுத்தாமல் இருப்பது, பிள்ளையை அடிக்காமல் வளர்ப்பது ஆகியவையே அவர் கவனத்தை ஈர்த்தன. "நாகரிகம் தெரியாதவர்கள்" என்று நாம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோமே, பிள்ளையை அடிக்காமல் வளர்க்க நாம் எப்போது கற்றுக்கொண்டோம்?

கோவில்மலையும் கோவிலன் கதையும்

கட்டப்பனைக்கு அருகே காஞ்சியாறு ஊராட்சியில் கோவில்மலை என்ற ஊர் இருக்கிறது. மன்னான் மக்களின் அரசர் இருக்கும் ஊர் அது. 'ராஜமன்னான்' என்பது பதவிப் பெயர். இப்போதைய ராமன் ராஜமன்னான் 2012இல் பொறுப்பேற்றார். அரசுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில்லை. மருமக்கள் வழியில், அதாவது தாய்வழியில் வருகிறது. ஒவ்வொரு குடிக்கும் காணி என்ற தலைவர் உண்டு. குடிக்குள் வரும் வழக்குகளைப் பேசித் தீர்ப்பதும், விழாவுக்கு நாள் குறிப்பதும் இந்த ஏற்பாட்டின் வழியே நடக்கின்றன. 2025ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பைக் காண தில்லிக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டவர் இந்த ராஜமன்னான். "ராஜாவா? கிரீடம் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். கிரீடத்திலிருந்து பேச்சைத் தொடங்கி, பஞ்சாயத்து எப்படி நடக்கும் என்பது வரை கொண்டுபோகலாம்.

மன்னான் மக்களின் வாய்மொழி மரபு தங்கள் மூலத்தை மதுரையில் வைக்கிறது. பாண்டியருடன் மேற்கே வந்தவர்கள் என்பார்கள். பூஞ்ஞாறு அரச மரபோடு தங்களுக்கு இருந்த தொடர்பையும் சொல்வார்கள். மதுரை மீனாட்சி அவர்களுக்கும் தெய்வம். முதுவர்களும் மதுரையிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள். முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் தரும் விளக்கம். இவற்றைக் கல்வெட்டைப் போல ஆண்டு குறித்து நிறுவ முடியாது. ஒரு சமூகம் தன்னை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இவை சான்று. அந்த அளவில் அவற்றை மதித்துச் சொல்ல வேண்டும்.

அறுவடை முடிந்த பின் கோவில்மலையில் நடக்கும் பெருவிழாவுக்குக் காலாவூட்டு என்று பெயர். ஊட்டு என்றால் ஊட்டுதல்தான். தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் விளைச்சலைப் படைத்து நன்றி சொல்வது. குடிகள்தோறும் சிதறிக் கிடக்கும் மக்கள் அங்கே கூடுகிறார்கள். இரவு கூத்து நடக்கும். மன்னான் கூத்து பாடி ஆடும் கதை என்ன தெரியுமா? கோவிலன் சரித்திரம். நம்முடைய கோவலனும் கண்ணகியும்தான்!

இந்த இடத்தில் தமிழாசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி பொங்கும். "பார்த்தீர்களா, நம் சிலப்பதிகாரம்!" என்போம். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏட்டைப் பார்த்து மனப்பாடம் செய்து ஆடும் கூத்தன்று இது. காதால் கேட்டு, வாயால் சொல்லி, தாளத்தோடு தலைமுறை தாண்டி வந்தது. அதை இளங்கோவடிகள் நூலின் சிதைந்த படி என்று பார்ப்பது தவறு. அது அவர்களுடைய கண்ணகி கதை.

சிலப்பதிகாரத்தையே கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். மதுரை எரிந்த பின் கண்ணகி மேற்கே நடந்து மலையேறி, வேங்கை மர நிழலில் நிற்கிறாள். அவள் விண்ணேறியதைக் கண்டவர்கள் யார்? மலைக்குறவர்கள். பேரியாற்றங்கரைக்கு வந்த சேரன் செங்குட்டுவனுக்கு மலைபடு பொருள்களோடு அந்தச் செய்தியையும் கொண்டு வந்து கொடுத்தவர்கள் அவர்கள்தாம். அதன் பிறகுதான் சாத்தனார் மதுரையில் நடந்ததை விளக்குகிறார். கோவிலும் படிமமும் அதற்கும் பின்னாலேதான். காப்பியத்தின் ஏற்பாட்டிலேயே, அரசனுக்கும் புலவருக்கும் முதலில் பாடம் சொன்னவர்கள் மலைவாழ் மக்கள். அந்தக் குறவர்களும் இன்றைய மன்னான்களும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று கிடையாது. மலையில் நடந்ததை மலையில் இருப்பவரிடம் கேள் என்ற முறையை இளங்கோ நமக்குக் காட்டியிருக்கிறார் என்பதுதான் செய்தி.

அணையும் காடும்

இனி, சொல்லச் சங்கடமான பகுதி. முல்லைப் பெரியாறு அணைக்கான ஒப்பந்தம் 1886இல் கையெழுத்தாகி, 1895இல் தண்ணீர் கிழக்கே திருப்பப்பட்டது. அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் விளைந்தன. நம்மில் பலருடைய படிப்புச் செலவுக்கு அந்த வயல்தான் காசு கொடுத்தது. பென்னிகுக் துரைக்குப் பொங்கல் வைக்கிறோம்; பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்கள்கூட உண்டு. நன்றி மறக்காத சனம் நாம். ஆனால் தண்ணீர் தேங்கிய அந்தப் பள்ளத்தாக்கு ஆளில்லாத காடாக இருக்கவில்லை.

பெரியாற்றையும் அதன் சுற்றுக்காட்டையும் நம்பி வாழ்ந்தவர்கள் மன்னான், பளியர், ஊராளி மக்கள். ஏரியைச் சுற்றிய காடு 1934இல் வேட்டைக் காப்பிடமாயிற்று. 1950இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம். 1978இல் புலிகள் காப்பகம். காட்டுக்குள் இருந்த குடிகள் குமுளி ஓரத்துக்கு நகர்த்தப்பட்டன. இன்று தேக்கடிக்குப் போகிற வழியில் இருக்கும் மன்னாக்குடியும் பளியக்குடியும் அப்படி வந்த ஊர்கள். காட்டுக்கு வெளியே மிச்சமிருந்த நிலத்தில் ஏலமும் மிளகும் ஏறின. இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்த மக்களுக்கு மாறுவதற்கு இடமில்லாமல் போயிற்று. சொந்த மலையில் கூலிக்காரர் ஆனார்கள்.

பாடத்தை இந்த இடத்தில் நிறுத்தினால் அது ஒப்பாரியாகிவிடும். பெரியாறு காப்பகத்தில் 1990களின் இறுதியிலிருந்து நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் மன்னான், பளியர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சேர்ந்தார்கள். தேக்கடியில் காட்டு நடைக்கு நம்மைக் கூட்டிப்போய், புலியின் காலடியைக் காட்டித் தருபவர் பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் அவர்களுக்கு இருந்த உரிமையைச் சலுகை என்றில்லாமல் உரிமை என்றே பெயர் சொல்லி ஏற்றது. 2010இல் முதுவர்கள் வாழும் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி கிராம ஊராட்சி ஆயிற்று.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது?

வீட்டில் பேசுவது தமிழோடு மிக நெருங்கிய ஒரு பேச்சு. பள்ளியில் மலையாளப் பாடநூல். முதல் வகுப்பில் உட்காரும் மன்னான் அல்லது முதுவர் குழந்தைக்கு ஆசிரியர் சொல்வதில் பாதி புரியாது. குழந்தை சொல்வது ஆசிரியருக்குப் புரியாது. "பிள்ளை மந்தம்" என்று எழுதிவிட்டால் முடிந்தது கதை. உட்குடிகளில் நடந்துவந்த ஓராசிரியர் பள்ளிகளை 2022இல் கேரள அரசு மூடியது. வசதியுள்ள பெரிய பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகலாம் என்பது அரசுத் தரப்பு. ஆறு வயதுப் பிள்ளை காட்டுவழியைத் தாண்டவோ விடுதியில் தங்கவோ வேண்டுமே என்பது பெற்றோரின் கவலை.

நல்ல முயற்சிகளும் உண்டு. 2017இல் வயநாட்டில் தொடங்கிய கோத்ரபந்து திட்டம், பழங்குடி மொழி பேசும் படித்த இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் துணையாசிரியர்களாக அமர்த்தியது. குழந்தையின் பேச்சு புரிந்த ஒருவர் வகுப்பில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

பாலக்காட்டு அட்டப்பாடியில் வேறொரு கதை. இருளர் சமூகத்து நஞ்சியம்மா தம் மொழியில் பாடிய திரைப்பாட்டுக்காக 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். கேரளமெங்கும் பிள்ளைகள் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். அது எந்த மொழி என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

கேரளப் பள்ளிக் கலைவிழாவில் 2025 ஜனவரி திருவனந்தபுரம் விழா முதல் ஐந்து பழங்குடி ஆட்டங்கள் போட்டியாகச் சேர்க்கப்பட்டன. அட்டப்பாடியின் இருள நிருத்தம், இடுக்கியின் பளிய நிருத்தம், மறையூர் மலையின் மலைப்புலயாட்டம், வயநாட்டின் பணிய நிருத்தம், காசர்கோட்டின் மங்கலம்களி ஆகியவை அவை. பழங்குடி ஆசான்களே பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். நேற்றுவரை கூலி வேலை செய்தவரைப் பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் 'ஆசானே' என்று கூப்பிட்டது சின்ன விஷயமன்று. அதேசமயம், மாரியம்மன் வழிபாட்டோடு மழை வேண்டி ஆடுகிற ஆட்டம், மேடையில் குறித்த நிமிடங்களுக்குள் அடங்கி மதிப்பெண் வாங்க வேண்டியதாகிறது. எதை மேடைக்குக் கொடுப்பது, எதைக் குடிக்குள் வைத்துக்கொள்வது என்பதை ஆடுகிறவர்கள்தாம் தீர்மானிக்க வேண்டும்.

பூவெப்லோ ஊர்களில் இந்த வரம்பு மிகத் தெளிவு. சில சடங்கு நாட்களில் வெளியாருக்கு ஊர்க்கதவு அடைத்துவிடும். விழாவைப் பார்க்கவிட்டாலும் படமெடுக்க விடமாட்டார்கள். தங்கள் மொழியை எழுத்தில் போட வேண்டாம் என்று முடிவு செய்த ஊர்களும் உண்டு. "எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டும்" என்பது வெளியாளின் ஆசை. அதற்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள் அல்லர்.

நம் வகுப்புக்கு ஒரு திட்டம்

நம் தமிழ்ப் பள்ளிகளில் நான்கு வாரம் இதற்கு ஒதுக்கலாம் என்பது என் வேண்டுகோள். முதல் வாரம் வரைபடம்: சக்குபள்ளம், கோவில்மலை, குமுளி, இடமலைக்குடி, அட்டப்பாடி ஆகியவற்றைப் பிள்ளைகளே குறிக்கட்டும், மாநில எல்லையைக் கடைசியில் வரையட்டும். இரண்டாம் வாரம் கதை: கோவலன் கதையைச் சொல்லிவிட்டு, மலையில் கூத்தாக ஆடப்படும் கோவிலன் கதையும் இருக்கிறது என்று சொல்வோம், எது 'சரி' என்று கேட்க வேண்டாம். மூன்றாம் வாரம் தண்ணீர்: கோச்சிட்டி அணையையும் முல்லைப் பெரியாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்குக் கிடைத்தது, யாரிடமிருந்து போயிற்று என்று பேசவிடுவோம். நான்காம் வாரம் இன்று: வழிகாட்டி, ஊராட்சி உறுப்பினர், ஆட்ட ஆசான், பாடகி, கல்லூரி மாணவி. அன்றைக்கு எழுதும் வாக்கியங்கள் எல்லாம் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும் என்பது ஒரு சின்ன விதி. இலக்கணப் பாடமும் ஆயிற்று!

இரண்டு சொற்களை மட்டும் தவிர்ப்போம். ஒன்று, அவர்கள் பேச்சைக் 'கொச்சைத் தமிழ்' என்பது. மற்றொன்று, 'கலப்படமில்லாத சங்கத் தமிழ்' என்று தலையில் தூக்கி வைப்பது. முதலாவது இழிவு, இரண்டாவது நம் பெருமைக்கு அவர்களைச் சாட்சி ஆக்குவது. அவர்கள் பேச்சு அவர்கள் பேச்சு. தமிழின் உறவு, தமிழின் பழம்பொருள் காட்சிச்சாலை அன்று.

வீட்டுமொழியைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளையின் நிலை நமக்குப் புதிதன்று. அதற்காகத்தானே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வாடகை அறையில் 'அ, ஆ' எழுதிப் போடுகிறோம். நமக்காவது அச்சிட்ட பாடநூல் இருக்கிறது, அகராதி இருக்கிறது, கடல் தாண்டி ஒரு மாநிலமே இருக்கிறது. கோவில்மலைக் குழந்தைக்கு இருப்பது பாட்டியின் வாயும் விடிய விடிய ஆடும் கூத்தும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தேக்கடியில் படகு ஏறும் முன், மன்னாக்குடிப் பக்கம் ஒரு வழிகாட்டியைக் கேட்டு, அனுமதியோடு பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். கேள்விகளைப் பிள்ளைகளே கேட்கட்டும். பதில் வர நேரமானால் காத்திருக்கவும் சொல்லிக் கொடுங்கள்.